கூண்டுக் கதவைக் காணோம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிப்பை முதலிலேயே முடித்துவிடுகிறேன். நான் நலம், அப்பா நலம், உன் பூனை எங்கள் இருவரையும் விட நலம். போனில் பேசினால் அப்பா காதில் விழும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வேன் அனுப்புகிறேன், மேனேஜரைக் கூண்டில் வைத்துக் கொடுத்துவிடு என்று சொல்லியிருந்தாய். அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்த உன் வாயில் சர்க்கரை போட வேண்டும். ஒரு வேலையும் செய்யாது, அடுத்தவன் வேலை செய்தால் பக்கத்தில் உட்கார்ந்து முறைக்கும். ரிப்பேருக்கு வந்த லிஃப்ட் போர்டைப் பிரித்து மேசையில் வைத்தால் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளுகிறது. தள்ளும்போது ஸ்க்ரூவைப் பார்ப்பதில்லை, என் முகத்தைப் பார்க்கிறது. கிண்ணத்துத் தண்ணீர் ஆகாது, குளியலறைக் குழாய் சொட்ட வேண்டும். மூன்று முறை இறுக்கி மூடிவிட்டேன். மூன்று முறையும் யாரோ லேசாகத் திறந்துவிடுகிறார்கள். மெத்தை வாங்கிப் போட்டேன், மெத்தை வந்த அட்டைப்பெட்டியில் தூங்குகிறது. கூண்டுக்குள் தள்ளினால் நாலு கால் எட்டாகிறது. தொலைந்து போ என்று காபி குடிக்கப் போனால் தானாக உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். நீ அனுப்பும் தீனியை ஒரு மாதமாகத் தொடவில்லை. நோயோ என்று பயந்து எடை போட்டால் அரைக் கிலோ கூடியிருக்கிறது! சாப்பிடாமல் எடை கூட முடியாது. பழைய போனை பிரிட்ஜ் மேல் வைத்துப் படம் பிடித்தேன்.

நான் வேலைக்குப் போனதும், மதியம், அப்பா தரையில் உட்காருகிறார். முட்டி வலி என்று மூன்று வருடமாக நாற்காலியை விட்டு இறங்காத அதே அப்பா. மீனில் முள் எடுத்து, ஊதி ஊதிக் கையால் ஊட்டுகிறார். "சாப்பிடுடா, நீ இளைச்சுப் போனா அவளுக்கு யாரு பதில் சொல்றது" என்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க அவ நேரத்துக்குச் சாப்பிடறாளா, உனக்காவது தெரியுமா" என்று கேட்கிறார். பூனை கொட்டாவி விடுகிறது.

நீயாகக் கல்யாணம் செய்துகொண்ட அன்று, அவள் சாமான் ஒன்றுகூட இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று கத்தியவர் இவர். எட்டு மாதமாக என்னிடம் உன் பேச்சையே எடுத்ததில்லை.

நேற்று அவரிடம், ஞாயிற்றுக்கிழமை பூனையை எடுத்துப்போக வேன் வரும் விஷயத்தைச் சொன்னேன். "தொலையட்டும் சனியன், இனிமேலாவது வீடு சுத்தமா இருக்கும்" என்றார், செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். இன்று காலை பார்க்கிறேன், கூண்டுக்குக் கதவைக் காணோம். கீலோடு கழற்றியிருக்கிறார். என் ஸ்க்ரூடிரைவரைத்தான் எடுத்திருக்கிறார். வேலை முடிந்ததும் துடைத்து அதே இடத்தில் வைத்திருக்கிறார். கேட்டால், பூனைதான் தள்ளிவிட்டிருக்கும் என்கிறார்.

புதுக் கதவு போட எனக்குப் பத்து நிமிடம் போதும். போட மாட்டேன். எனக்கு இந்த வீட்டில் பைத்தியம் பிடிக்கிறது அக்கா. பேச வேண்டியதைப் பேச வேண்டிய ஆளிடம் யாருமே பேசுவதில்லை.

வேனை அனுப்பாதே. நீ வா, அத்தானையும் கூட்டிக்கொண்டு வா. அப்பா கத்துவார், அதில் சந்தேகமே வேண்டாம். எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொள், கத்தி முடித்ததும் அவரே சாப்பிட்டாயா என்பார். ஞாயிறு மதியத்துக்கு, மேனேஜரையும் சேர்த்து, ஐந்து பேருக்குச் சமைக்கச் சொல்லப்போகிறேன்.

அவர் உன்னைக் கூப்பிட மாட்டார். அதனால் நான் கூப்பிடுகிறேன்.

உன் முன்கோபித் தம்பி