நீ பாடாத ஏழு கிறிஸ்துமஸ்

அக்கா,

இன்று காலை என் வகுப்பில் ஒரு பெண் அதிமதுரத் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு வந்திருந்தாள். தொண்டைக்கட்டு என்றாள். பக்கத்தில் போனதும் அந்த வாசனை. பலகையில் எழுத வந்ததை மறந்து நின்றுவிட்டேன். பூசைக்குப் புறப்படும்போது உன் வாயில் மணக்கும் வாசனை அது.

திண்டிவனத்தில் நம் அப்பா மாதா கோயில் உபதேசியார். நம் வீட்டில் பாட்டு என்றால் ஞானப்பாட்டு, வாத்தியம் என்றால் கோயில் ஆர்மோனியம். அப்பா வாசிப்பார், நீ எடுத்துக்கொடுப்பாய், சனமெல்லாம் பின்னால் பாடும். வேறு பாட்டும் உலகில் உண்டு என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

நீ கல்யாணமாகி விழுப்புரம் போனாய். அத்தானுக்கு ரயில்வே வேலை. எனக்குப் பன்னிரண்டு வயதானபோது கோடை விடுமுறைக்கு உன் வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டு வளைகாப்பில் பெண்கள் கேட்டார்கள் என்று நீ ஒரு நாடகப் பாட்டைப் பாடினாய். அவர்கள் வீட்டு கிராமபோனில் கேட்டுக் கற்றதாம். குரலை இழுத்துக் குழைத்து, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டு பாடினாய். எனக்கு உடம்பு கூசியது. அது என் அக்காவின் குரலாகவே இல்லை. ஊருக்குத் திரும்பியதும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பயத்தில் சொல்லவில்லை, அக்கா. நீ திட்டு வாங்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

மறுநாள் முதல் ரயிலிலேயே அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு விழுப்புரம் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“சாமி பாட்டு பாடுற வாயில நாடகப் பாட்டா? இவ சொல்றது நெசமா?”

அடுப்படியிலிருந்து நீ எழுந்து வந்தாய். என்னை ஒருமுறை பார்த்தாய்.

“நெசந்தாம்பா. அவ பொய் சொல்ல மாட்டா.”

“இனிமே நம்ம கோயில்ல நீ வாயத் தொறக்கக்கூடாது.”

நீ அழவில்லை. “இவ்ளோ காலையில இவள இட்டுக்கினு வந்துட்டீங்களே, எதுனா சாப்ட்டாளா?” என்று மட்டும் கேட்டாய்.

அதன்பிறகும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்தாய். முக்காட்டோடு கடைசி வரிசையில், உதடு அசையாமல் உட்கார்ந்திருந்தாய். உன் இடத்தில் நின்று நான் எடுத்துக்கொடுத்தேன். முதல் வருடம் எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

பத்தொன்பதாம் வயதில், ஆசிரியப் பயிற்சி விடுதியிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். யுத்த காலத்தில் கரியில் ஓடிய பஸ் அது. மயிலத்தில் நின்றுபோனது. மலைக்கோயிலில் யாரோ நாகசுரம் வாசித்துக்கொண்டிருந்தார். அதில் வார்த்தையே இல்லை. பாவமா, புண்ணியமா என்று கேட்க எனக்கு ஒரு பிடியும் கிடைக்கவில்லை. பஸ் சரியாகிப் புறப்பட்டது. கண்டக்டர் இரண்டு முறை கூப்பிட்டும் நான் ஏறவில்லை. என் காது என் பேச்சைக் கேட்காமல் போனது பயமாக இருந்தது. வளைகாப்பில் நீ ஏன் கண்ணை மூடினாய் என்று அன்றுதான் புரிந்தது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், ஒத்திகைக்கு அப்பா ஆர்மோனியத்தைத் திறந்தார். நான் பாட்டுப் புத்தகத்தை மூடினேன்.

“அக்கா பாடாத கோயில்ல நானும் பாட மாட்டேம்பா.”

“இன்னாடி பேசுற?”

“அன்னிக்கு அக்கா பாடுன பாட்டு எனக்குப் புடிக்கல, அதான் வந்து சொன்னேன். புடிக்காததெல்லாம் பாவமாப்பா?”

அப்பா எழுந்து போய்விட்டார். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறிப் போய், உன்னோடு திரும்பி வந்தார். வழியில் என்ன பேசிக்கொண்டீர்கள் என்று நீ கடைசிவரை சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் நீ முன்னால் வந்து நின்றாய். முதல் அடியிலேயே, மேலே போகும் இடத்தில் குரல் உடைந்தது. ஏழு வருடம் பூட்டிக் கிடந்த தொண்டை. நீ திரும்பி நடந்துவிடுவாய் என்று நினைத்தேன். அப்பா உன்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வாசிப்பை நிறுத்தினார். சுருதியை ஒரு கட்டை இறக்கி, முதல் அடியை மறுபடி வாசித்தார். நீ பாடினாய்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. அதற்குள் மன்னிப்புக் கேட்கப் பலமுறை வாயெடுத்தேன். “போடி, வேற வேலயில்ல ஒனக்கு,” என்பாய்.

அந்த நாடகப் பாட்டு இன்றைக்கும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, அக்கா. உன்னிடம் அதை ஒளிப்பானேன்? ஆனால் இப்போதெல்லாம் யார் வீட்டில் யார் எதைப் பாடினாலும், முடியும்வரை இருந்து கேட்கிறேன். பாடுகிறவர் கண்ணை மூடினால், அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.