பிராங்க்ஸ் என்று சொல்லிவிடாதே

அன்பு மகள் யனீராவுக்கு, போனை எடுத்ததும் நீ கேட்கிற ஆசீர்வாதத்தை நீ கேட்கும் முன்பே தந்துவிடுகிறேன், கடவுள் உன்னைக் காப்பாராக. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, படி ஏறும்போது முழங்கால் மட்டும் முனகுகிறது, தூக்கத்தைப் பற்றிக் கேட்காதே. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் கீழ்வீட்டுத் தோமாசா, ஒரு வார்த்தையையும் மாற்றக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன், 'உங்க பேச்சை மாத்தி எழுதி நான் என்ன கோட்டையா கட்டப்போறேன்' என்கிறாள். போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பாய். போனில் நீ 'சரியா பாப்பி, சரிதானே பாப்பி' என்று இந்த அப்பாவைக் கேட்டால் என் வாயில் சரி என்பது தானாக வந்துவிடுகிறது, ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் வந்தது. அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

கட்டடத்தை இடிக்கப்போவது உறுதியாகிவிட்டது மகளே, பனி விழுவதற்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும். மூன்றாம் மாடியில் கதவுகளைக்கூடக் கழற்றிவிட்டார்கள், காலி வீடுகளுக்குள் காற்று நடக்கிற சத்தம் என் சமையலறைக்குக் கேட்கிறது, யாரோ சாமான் எடுக்க வந்திருக்கிறார்கள் என்று எண்ணி இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். உன் அம்மாவோடு இங்கே முதலில் வந்தபோது பழைய வீட்டுக்காரர் நனைந்த மழைக்கோட்டோடு வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார், மேளம் வாசிப்பாயா என்று. இல்லை, ஆனால் என் மனைவி பாடுவாள் என்றேன், சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். இப்போது எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஒரே பாட்டுத்தான், மாத வாடகையைப் போல நாற்பது மடங்கு ஆண்டு வருமானம் இருக்க வேண்டுமாம். என் முதியோர் உதவித்தொகையைச் சொன்னதும் ஓர் அலுவலகத்தில் வாயில் பேனாவை வைத்திருந்த ஒருவன் 'தாத்தா, லாட்டரி வாங்குற பழக்கம் உண்டா' என்று கேட்டான், பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். வருமானம் இல்லாதவருக்கு ஜாமீன் நிற்க ஆள் வேண்டும், அவருக்கு அதைப் போல இரண்டு பங்கு வருமானம் வேண்டும், அதுவும் அவர் இந்த ஊரிலோ பக்கத்து மாநிலத்திலோ குடியிருக்க வேண்டும். வருமானத்துக்கு நீ இருக்கிறாய், ஆனால் நீ இருப்பது அலாஸ்காவில்.

அதனால்தான் இன்னொரு வாடகை அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போகும்போது வழி முழுக்கத் தோமாசா எனக்குப் பாடம் நடத்தினாள். 'மக எங்கன்னு கேட்டா இதே ஊர்ல, பிராங்க்ஸ்ல என்னோடன்னு சொல்லுங்க, அதுக்கு மேல வாயைத் திறக்காதீங்க' என்றாள். சரி சரி என்றேன். அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கிரிசெல்டா, கேட்டால் நம் பானி ஊர்க்காரி! ஊர்க்காரர் எதிரில் உட்கார்ந்தால் எந்தத் தெரு, யார் பிள்ளை, உனக்கு எத்தனை பிள்ளை என்று கேட்காமல் வேலைக்குப் போக முடியுமா? அவளும் கேட்டாள், நானும் சொன்னேன், அவள் தாத்தா மாம்பழம் விற்ற மூலைகூட எனக்கு நினைவு வந்தது. பிறகு பிள்ளைகள் என்றாள். ஒரே மகள், அலாஸ்காவில் நர்ஸ், மே மாதம் வரை பனி கிடக்கும், ஒருநாள் அவளுடைய ஆஸ்பத்திரி வாசலில் கொம்பு வைத்த பெரிய மான் நின்று அவளுக்கு வழிவிடவில்லை என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோதுதான் தோமாசா மேசைக்கு அடியில் என்னை உதைப்பது தெரிந்தது. கிரிசெல்டாவின் பேனா நின்றுவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள், மரியாதையாகத் தோன் போட்டுக் கூப்பிட்டாள். 'தோன் எலிசேயோ, நீங்க சொன்னது எதுவும் என் காதுல விழல. அடுத்த மாசம் ஓனரோட ஆளு உங்க மகளுக்குப் போன் பண்ணுவாரு, அவ பிராங்க்ஸ்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டா வீடு உங்களுக்கு' என்றாள். நல்ல பெண், நம் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். ஆனால் பொய்யை என் வாயிலிருந்து எடுத்து உன் வாயில் வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நீயும் 'ஒரே ஒரு வார்த்தைதானே பாப்பி' என்றாய்.

இரண்டாம் மாடி செகுந்தினோவை உனக்கு ஞாபகம் இருக்கும், வலது காதில் கேட்காது, உனக்கு வேர்க்கடலை மிட்டாய் தருவார். அவர் வேறு வீட்டுக்குப் போனபோது மகன் மெல்வின், பஸ் ஓட்டுகிறவன், இல்லாத முகவரியைத் தன் முகவரி என்று சொல்லி அவருக்காகக் கையெழுத்துப் போட்டான். பிறகு கிழவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார், வாடகை நின்றது, வீட்டுக்காரன் வழக்குப் போட்டான், முகவரி பொய் என்று நீதிமன்றத்தில் வெளிவந்தது. மெல்வினின் சம்பளத்தில் பிடித்தார்கள், அது போகட்டும். அதற்குப் பிறகு அவன் அப்பாவோடு பேசவில்லை. போன கிறிஸ்துமஸுக்குப் பன்றிக்கறித் தட்டோடு கிழவரைப் பார்க்கப் போனேன், எதிர் நாற்காலியில் தன் கோட்டை மாட்டிவைத்து அதைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த நாற்காலிதான் கண்ணை மூடினால் வருகிறது யனீரா. உன் நர்ஸ் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயம், வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து நிற்பாயோ என்று பயம், இது எதுவும் இல்லாமல் ஒருநாள் என் பெயரைப் பார்த்ததும் நீ போனை எடுக்காமல் வைத்துவிடுவாயோ என்று அதைவிடப் பெரிய பயம்.

அதனால் அந்த ஆள் கூப்பிட்டால் அலாஸ்கா என்று சொல். வீடு போனால் போகட்டும். என் நண்பன் பிரௌலியோ தன் சோபாவைத் தருகிறான், டோமினோ ஆட்டத்தில் ஏமாற்றுகிறவன், குறட்டைக்காரன், 'சோபாவுக்கு நாப்பது மடங்கு கேக்கமாட்டேன், வாடா கிழவா' என்கிறான். அதில் எத்தனை நாள் படுக்க முடியும், அதற்குப் பிறகு எங்கே என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததாக நடிக்கவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ பிராங்க்ஸ் என்று சொல்லி அந்த வீட்டை வாங்கித் தந்தாலும் அது எனக்குத் தங்காது மகளே. அங்கே யாராவது படியில் நின்று உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்பார்கள். அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் நான் அந்த மானைப் பற்றிச் சொல்லியிருப்பேன். உன்னை மறைத்துப் பேச இந்த வாய்க்கு வராது.

தலை ஈரத்தோடு வெளியே போகாதே, அங்கே முடி உறைந்துவிடும் என்கிறார்கள். அம்மாவின் படத்தைத் துணியில் சுற்றி என் பையில் முதலில் வைத்துவிட்டேன். கன்னி மரியாள் உன்னைப் போர்த்திக் காக்கட்டும்.

எழுத்து தோமாசாவுடையது. கீழே கோணலாக இருக்கிற பெயர் மட்டும் என் கையால் வரைந்தது.

உன் அப்பா
எலிசேயோ