நீங்கள் நிறுத்திய மாத்திரை

மகளின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அறைக்குத் திரும்பிவிட்டீர்கள், மெல்ல நடக்கிறீர்கள் என்று மகள் சொன்னாள். என் போனை எடுக்கமாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

பிரிந்து இரண்டு வருடமாகியும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் உங்கள் பெயருக்கு நேரே என் நம்பர்தான் இருக்கிறது. மாற்றச் சொல்ல உங்களுக்குச் சோம்பல். அதனால் அறிக்கை எனக்குத்தான் வருகிறது. எண்பதுக்குள் இருந்த கெட்ட கொழுப்பு, நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் வந்த அறிக்கையில் நூற்றுத் தொண்ணூறு. தையல் கூடத்தில் ஐம்பது மெஷின் ஓடுகிற சத்தத்தில், கழிப்பறைக்குள் போய் நின்றுகொண்டு உங்களை அழைத்தேன். "அந்தக் கொழுப்பு மாத்திரைய நிறுத்தி நாலு மாசமாச்சு. கால் சதையெல்லாம் வலிக்குது. உனக்கென்ன வந்துச்சு?" என்று கேட்டு வைத்துவிட்டீர்கள்.

எனக்கென்ன வந்தது. ஆறு வருடத்துக்கு முன் என் விலாவுக்குக் கீழே கிழித்து ஒரு கிட்னியை எடுத்து உங்களுக்கு வைத்தார்கள். குனிந்து துணிக்கட்டைத் தூக்கும்போது அந்த இடம் இன்னும் இழுக்கிறது. அதுதான் வந்தது.

இதைச் சொல்லிச் சொல்லியே உங்களை விரட்டினேன் என்று உங்கள் அக்கா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் முன்பு வேலை பார்த்த பேக்கரிக்கு நான் வந்து, உங்களோடு வேலை செய்கிறவர்கள் முன்னால், வெண்ணெய் தடவிய பன்னை உங்கள் கையிலிருந்து பிடுங்கினேன். அது தப்பு. வீட்டுக்கு வந்ததும், "நான் சாப்பிடற ஒவ்வொரு வாயையும் எண்ணுற. நீ எனக்குப் பொண்டாட்டியா, உன் கிட்னிக்குக் காவலா?" என்று கேட்டீர்கள். அடுத்த வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டீர்கள்.

போகட்டும். ஆனால் மகளைப் பார்க்கப் போன இடத்தில், விடுதிப் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாமே. அம்மாவிடம் சொல்லாதே என்று அவளிடம் சத்தியம் வாங்கினீர்களாமே. பத்தொன்பது வயதுப் பெண் அந்தப் பாரத்தைப் பத்து நாள் சுமந்தாள். பதினோராம் நாள் ரொட்டி அடுப்பு முன்னால் நீங்கள் சுருண்டு விழுந்தபோது, "நான் அப்பவே சொல்லியிருக்கணும்மா" என்று போனில் அழுதாள். இதற்கு உங்களை நான் மன்னிக்கமாட்டேன்.

இருதயக் குழாய் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். படம் எடுக்கக் குழாய்க்குள் விடுகிற மருந்து கிட்னியைத் தாக்கலாம் என்று முன்பே எங்களிடம் சொல்லியிருந்தார்கள். டாக்டர் வெளியே வந்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "கிட்னிக்கு ஒண்ணும் ஆகலியே?" மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா எப்படி இருக்கார்னு கேக்கத் தோணலையாம்மா?" என்றாள். உங்களிடமும் சொல்லியிருக்கிறாள் போல. நர்ஸ் உங்களிடம் வந்து, வெளியே ஒரு அம்மா காத்திருக்கிறார், உள்ளே விடட்டுமா என்று கேட்டபோது, "அவங்க எனக்கு யாருமில்ல" என்றீர்கள். கதவு திறந்துதான் இருந்தது. எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

இரண்டு நாள் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பஸ் ஏறுமுன் உங்கள் கிட்னி டாக்டரைப் பிடித்தேன். "கிட்னி நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா மாற்றுக் கிட்னி வெச்சவங்கள்ல பல பேரை நாங்க இழக்கறது இருதயத்தாலதான்" என்றார். உடம்பு கிட்னியைத் தள்ளிவிடாமல் இருக்கப் போடுகிற மாத்திரைகளே கொழுப்பை ஏற்றுமாம். கொழுப்பு மாத்திரை ரத்தத்தில் கூடுதலாகத் தங்கவும் அவையே காரணமாகலாமாம். அப்போது சதை வலிக்கும். அதற்காக நிறுத்தக் கூடாதாம். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரத்தத்தைப் பார்த்து, அளவைக் குறைத்தோ வேறு மாத்திரை மாற்றியோ கொடுத்திருப்பாராம். ஒரு வார்த்தை. என்னிடம் கத்துவதற்கு மட்டும் உங்களுக்கு வார்த்தைப் பஞ்சமே வந்ததில்லை.

இப்போது மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஆறு வாரத்தில் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். வலி வந்தால் அவருக்குப் போன் செய்யுங்கள், நீங்களே வைத்தியர் ஆகாதீர்கள். அடுப்பிலிருந்து இறக்கும் ஒவ்வொரு தட்டையும் ருசி பார்க்கும் பொறுப்பை வேறு யாரிடமாவது விடுங்கள். நடங்கள்.

அந்த முதல் கேள்வி. கதவு திறந்து டாக்டரின் முகம் தெரிந்ததும் உங்களைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நீங்களே உட்கார்ந்து யோசியுங்கள். உங்கள் அக்காவைக் கேட்காதீர்கள்.

என்மேல் இருக்கிற கோபத்தை விடச் சொல்லவில்லை. அந்தக் கோபத்தோடேயே தினமும் மாத்திரையைப் போடுங்கள். தொண்ணூறு வயதுவரை திடமாக இருந்து, பல்லெல்லாம் கொட்டிய பிறகும் என்னைத் திட்டுங்கள். அதைக் கேட்டுக்கொண்டு நானும் இருந்துவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
நான்