‘கையால் மட்டும்’ என்று நீ ஒப்பமிட்ட வரி

அக்காள்மடம்,
செவ்வாய்க்கிழமை.

என் மகளே, ஜெப்சி!

கடல் கடந்து கொரிய மண்ணின் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்திருக்கும் என் மகளே, நீ உடல் நலத்தோடும் உள்ளத் தெளிவோடும் இருக்க ஆண்டவர் அருள் புரியட்டும். இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் தாளை எடுத்தேன், எழுத முடியவில்லை, எழுதினால் அது பொய். உன் அப்பா நலம், உன் தம்பி ரூபஸ் நலம், நானும் நலம். ஆனால் நம் சங்கத்தில் கடல்பாசி கட்டும் பெண்கள் நாற்பது பேரில் முப்பத்தொரு பேருக்கு வாய் வெந்து கிடக்கிறது. அவர்கள் வாயை வேகவைத்த நூல் நீ ஆராய்ந்து உருவாக்கிய நூல். அதை வாங்கிக் கட்டுங்கள் என்று மேடையேறி முழங்கியவள் உன்னைப் பெற்ற நான். இதுதான் என் முறையீடு, இதை உன்னிடமன்றி வேறு யாரிடம் வைப்பேன்? தொலைபேசியில் சொன்னால் நான் கத்துகிறேன், நீ அழுகிறாய், பேச்சு பாதியில் அறுந்துபோகிறது. ஆகவே எழுதுகிறேன், ரூபஸ் இதைப் படமெடுத்து உன் கைப்பேசிக்கு அனுப்புவான். நடுவில் நிறுத்தாமல் முழுவதும் படி.

உயிர்ப்புப் பெருவிழா முடிந்த அடுத்த வாரம் கோயில் திடலில் சங்கக் கூட்டம் கூட்டினோம். மூங்கில் மிதவையில் பாசி வளர்க்கும் பெண்களுக்குப் புதுக் கட்டுநூல் தருவதாக, நீங்கள் ஆராய்ந்த நூலைச் செய்து விற்கும் நிறுவனம் சொல்லியிருந்தது, அதன் அலுவலர் பிரபு இரண்டு மூட்டை நூலோடு வந்திருந்தார். பச்சை நிறம், தொட்டால் மெழுகு பூசியதுபோல வழுக்கும். செம்பை மீநுண் துகளாக்கிப் பிசின் போன்ற பலபடிப் பொருளில் கலந்து நூலின்மேல் பூசியிருக்கிறார்கள், கடலில் எத்தனை நாள் கிடந்தாலும் சிப்பிபோல் அப்பிக்கொள்ளும் கொட்டலசும் வேண்டாத பாசியும் இதில் ஒட்டாது, நாம் கட்டும் விதைப்பாசி மட்டும் செழிக்கும் என்று அவர் விளக்கினார். நீ எனக்கு நூறு முறை விளக்கியதுதான். ஒலிவாங்கி என் கைக்கு வந்தது, நான் சும்மா இருப்பேனா? என் மகள் கற்ற கல்வி இன்று நம் கரைக்கே திரும்பி வந்திருக்கிறது, மிதவையைச் சுரண்டிச் சுரண்டித் தேய்ந்த உங்கள் விரல்களுக்கு விடுதலை வந்திருக்கிறது, அச்சமின்றி வாங்குங்கள் என்று அரை மணி நேரம் முழங்கினேன். வீரலட்சுமி ஒருத்திதான் எழுந்து, “பழைய நூலுக்கு என்ன கேடு வந்துச்சு? இது செம்பு நாத்தம்ல அடிக்கிது” என்று கேட்டாள். முதுகுளத்தூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்குக் கடலும் புதிது, அறிவியலும் புதிது என்று மேடையிலிருந்தே நான் சொன்னேன். கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே ஒரு கட்டு வாங்கிப்போனாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்று எனக்கு உடல் கூசுகிறது.

ஆனி பிறந்ததும் முதலில் உன் பிரெசில்லா அத்தைக்கு நாக்கு எரிந்தது. காரச் சட்டினி வேண்டாம் என்றாள், பிறகு மீன் குழம்பு வேண்டாம் என்றாள், பிறகு கஞ்சியே இறங்கவில்லை. மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன், “வெத்தலைய விடுங்கம்மா, எல்லாம் சரியாப் போயிரும்” என்று சொல்லிக் களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். முப்பது ஆண்டுப் பழக்கத்தை அத்தை ஒரே நாளில் விட்டாள், புண் அவளை விடவில்லை. உன் அப்பா நாள்தோறும் கடையிலிருந்து பனிக்கட்டி வாங்கி வந்து துணியில் சுற்றித் தங்கையின் கையில் கொடுக்கிறார், அதை உதட்டில் ஒற்றிக்கொண்டு அவள் என்ன சொல்கிறாள் தெரியுமா? “நூலுனால எல்லாம் இருக்காதுண்ணே. என் மருமக செஞ்சதுல போயி தீங்கு இருக்குமா? வேற என்னமோ சூடுதான்” என்கிறாள். வாய் வெந்தவள் உனக்காக வழக்காடுகிறாள் ஜெப்சி, கேட்டுக்கொண்டு நான் சுவரைப் பார்த்து நின்றேன்.

அடுத்த வாரம் பன்னிரண்டு பேர், அதற்கடுத்த வாரம் முப்பத்தொரு பேர். வெற்றிலையே தொடாத வீரலட்சுமிக்கும் புண். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாசி கட்டும் கொட்டகையில் அத்தனை பேரையும் உட்காரவைத்து ஒவ்வொருத்தியாக வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். எல்லாருக்கும் ஒரே இடம், இடது உதட்டு ஓரமும் அதன் உட்கன்னமும். அந்த இடம் எது என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? இடது கையில் கயிறு, வலது கையில் விதைப்பாசி, ஐம்பது நூலை ஒரு கொத்தாக நனைத்து இடது கடைவாயில் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாக உருவி, முடிச்சிட்டு, முனையைப் பல்லால் இழுத்து இறுக்குவார்கள். காலை ஆறு மணிக்கு வாயில் வைத்தால் உச்சிப்பொழுதில்தான் எடுப்பார்கள், ஒருத்தி ஒரு நாளில் அறுநூறு முடிச்சுப் போடுவாள். இதை நீ அறிவாய். கோடை விடுமுறையெல்லாம் என் அருகில் உட்கார்ந்து நீயும் கவ்வியிருக்கிறாய். நான் ஏன் முன்பே உணரவில்லை என்று கேட்பாய், கேள். சங்கச் செயலாளர் ஆனபின் ஆறு ஆண்டுகளாக நான் நூலைத் தொடவில்லை, பேச்சோடு என் வேலை முடிந்துவிடுகிறது. என் வாயில் ஒரு புண்கூட இல்லை. இந்தக் கரையில் நலமான வாயோடு நான் நடமாடுவது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பிரபுவைக் கொட்டகைக்கு வரவழைத்தோம். வந்தவர் எங்கள் வாயைப் பார்க்கவில்லை, கைப்பேசியைப் பார்த்தார். “அம்மா, நூலப் போயி எதுக்கு வாயில வைக்கிறீங்க? கையால கட்டத்தான குடுத்தோம்?” என்று கேட்டார். வீரலட்சுமி எழுந்தாள், “ஏன் தம்பி, எங்களுக்கு மூணாவது கை மொளச்சிருக்கா? ஒரு கையில கயிறு, ஒரு கையில பாசி, நூல உங்கப்பனா வந்து புடிப்பாரு?” என்றாள். புண்ணோடு சிரித்தார்கள் பெண்கள், சிரித்துவிட்டு வலியில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிரபுவுக்கு முகம் சிவந்துவிட்டது. கைப்பேசியில் ஆய்வறிக்கையைத் திறந்து எல்லாருக்கும் கேட்கப் படித்தார். பயன்படுத்துவோர் இந்நூலைக் கையால் மட்டுமே தொடுவர், ஆகவே தீங்கில்லை என்று அதில் இருக்கிறதாம். அடியில் மூன்று ஒப்பங்கள், மூன்றாவது உன்னுடையது. “இந்த ஊரு வேலை முறையச் சொல்லிக் குடுத்ததே உங்க பொண்ணுதாம்மா” என்றார். நாற்பது பேரும் என் பக்கம் திரும்பினார்கள். “என்னக்கா, மேடையில அம்புட்டுப் பேசுனீங்க, இப்ப பேச்சக் காணோம்?” என்று வீரலட்சுமி கேட்டாள். அவள் கேட்டதில் தவறே இல்லை.

மகளே, உன்னை நான் கேட்கிறேன். கையால் மட்டும் என்று எப்படி எழுதினாய்? மறந்தா எழுதினாய்? பல ஆண்டுகள் பார்த்த வேலையை, செய்த வேலையை, பத்தே ஆண்டுகளில் ஒரு பெண்ணால் மறக்க முடியுமா? அல்லது வெளிநாட்டு அறிஞர்கள் நடுவில், என் தாய் நூலை வாயில் கவ்வித்தான் தொழில் செய்கிறாள் என்று சொல்ல உனக்குக் கூச்சமாக இருந்ததா? எது உண்மை என்று எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவாயினும் எனக்கு வலிக்கிறது, ஆனால் உண்மை எது என்று நீ உனக்காவது சொல்லிக்கொள். அந்த நிறுவனமோ மறக்கவுமில்லை, அறியாமலுமில்லை. சித்திரையில் அவர்கள் அச்சடித்து ஊரெங்கும் ஒட்டிய விளம்பரத் தாளில் உன் அத்தையின் படம் இருக்கிறது. கழுத்துவரை தண்ணீரில் நின்ற படமில்லை, கொட்டகையில் எடுத்த படம், கடைவாயில் அந்தப் பச்சை நூலைக் கொத்தாகக் கவ்விக்கொண்டு சிரிக்கிறாள். படத்தை எடுத்தவர் பிரபு. கையால் மட்டும் என்று அறிக்கை சொல்கிறது, வாயில் கவ்வும் பெண்ணைக் காட்டித்தான் நூலை விற்கிறார்கள். அந்தத் தாளை அக்காள்மடம் பேருந்து நிறுத்தச் சுவரிலிருந்து நானே கிழியாமல் உரித்து வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை உன்னோடு பேசினேன் அல்லவா? செயற்கைக் கடல்நீரில் முப்பது நாள் ஊறவைத்து எவ்வளவு செம்பு கசிகிறது என்று அளந்தோம் என்றாய், அளவு எல்லைக்குள்தான் இருந்தது என்றாய். உமிழ்நீரில் ஊறவைத்தீர்களா, பல்லால் கடித்து இழுத்தீர்களா என்று நான் கேட்டேன். “பல்லு பட்டா பூச்சு விண்டுபோகும்மா... அத நாங்க யோசிக்கலம்மா” என்றாய். அந்த ஒரு வரிக்காக நான் உன்னை மதித்தேன். ஆனால் அடுத்த மூச்சில், “ரெண்டு மாசம் பொறுத்துக்கங்கம்மா, என் வேலை ஒப்பந்தத்தப் புதுப்பிக்கணும், எங்க பேராசிரியர்தான் அந்தக் கம்பெனிக்கு ஆலோசகர்” என்றாயே, அங்கேதான் நான் கத்தினேன். கத்தியதற்கு வருந்துகிறேன், சொன்னதற்கு வருந்தவில்லை. உன் அப்பா பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டார். “பிள்ளைய மெரட்டாத மிக்கேலு, அது அங்கன ஒத்தையாக் கெடக்குது” என்று என்மேல் சினந்துகொண்டு எழுந்து கரைக்குப் போய்விட்டார். நீ தனியாக இருப்பதை நான் அறியாதவளா? எத்தனை தேர்வு எழுதி, எத்தனை முறை தோற்று, எத்தனை வாசல் ஏறி இறங்கி அந்த நாற்காலியில் நீ அமர்ந்தாய் என்பது எனக்குத்தான் தெரியும். அந்த வேலை போகலாம், அதை நான் சிறிதென்று எண்ணவில்லை. ஆனால் இரண்டு மாதம் என்று நீ எளிதாகச் சொன்னாய், உன் அத்தை இரண்டு மாதம் எதை உண்பாள் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தையிடம் ஒப்புதல் கேட்டு, அதே திடலில், அதே ஒலிவாங்கியில் நின்று, நான் சொன்னது தவறு, என் மகள்மேல் கொண்ட பெருமையில் உங்களைக் கேட்காமல் பேசிவிட்டேன், நூலைக் கீழே போடுங்கள் என்றேன். கைதட்டல் இல்லை. வீரலட்சுமி வந்து என் பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான், அது போதும் எனக்கு. நூலையெல்லாம் குவித்துக் கொளுத்த வேண்டும் என்று சிலர் எழுந்தார்கள், நான் தடுத்தேன், அது சான்று, அதன் புகை வேறு யாருடைய நெஞ்சில் போய் இறங்கும் என்று நமக்குத் தெரியாது. மூட்டைகளைச் சங்க அறையில் பூட்டிவிட்டோம். பல் பதிந்த பச்சை நூல் ஒரு கொத்தும் பிரிக்காத புது நூல் ஒரு கொத்தும் தனித்தனிக் கண்ணாடிக் குப்பியில் இட்டு நேற்று இராமநாதபுரம் போய் உன் வீட்டு முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன், உன் ஆய்வுக்கூடத்துக்கு அல்ல. வந்து சேர எட்டு நாளாகும் என்றார்கள், எட்டு நாள் நமக்கு இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம். மண்டபம் தொடங்கி ஏர்வாடி வரை உள்ள எல்லா மிதவைகளுக்கும் இதே நூலைக் கொடுக்க அந்த நிறுவனம் ஒப்புதல் கேட்கிறது. மூவாயிரம் பெண்கள் ஜெப்சி, மூவாயிரம் வாய்கள். விளம்பரத் தாளையும் மருத்துவச் சீட்டுகளையும் அலுவலகத்தில் காட்டினேன். “படத்தை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாதும்மா, அறிக்கை இருக்கு, அறிக்கை தப்புன்னா அதுல ஒப்பம் போட்டவங்க சொல்லணும்” என்று அங்கிருந்தவர் தன்மையாகத்தான் சொன்னார். ஒப்பமிட்ட மற்ற இருவரையும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒருத்தி நீ.

நேரத்துக்கு உண், அங்கே மழைக்காலம் என்றாய், நனைந்த காலணியோடு நாள் முழுவதும் நிற்காதே. அப்பாவிடம் நீயே ஒரு முறை பேசு, இருவருக்கும் நடுவில் நான் பேசினால் அவருக்குப் பிடிக்கவில்லை. வேலை போனால் வானூர்திச் சீட்டு எடுத்து வீட்டுக்கு வா, இந்த வீட்டுக் கதவு உன்னிடம் எந்த ஒப்பந்தமும் கேட்காது. என் கண்ணே, அறிவிலும் நெஞ்சுரத்திலும் நீ உயர அன்னை மரியிடம் மன்றாடுகிறேன், இத்தனை சினத்திலும் என் ஆசி உனக்குக் குறையவில்லை. ஆனால் ஒன்றை நினைவில் கொள், வெள்ளியன்று அந்த மன்றத்தில் நான் எழுந்து, அறிக்கை தவறு, அதில் ஒப்பமிட்டவள் என் மகள் என்று உன் பெயரைச் சொல்லத்தான் போகிறேன். அதற்குமுன் நீயே சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் ஆசை. இந்நூலைப் பெண்கள் வாயில் கவ்வியே கட்டுகிறார்கள், கையால் மட்டும் என்ற வரி தவறு, உமிழ்நீரிலும் பல்லின் இழுப்பிலும் இது ஆராயப்படவில்லை, ஆராயும்வரை யாருக்கும் கொடுக்கக் கூடாது, என் ஒப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று உன் பெயரிட்டு எழுதி, உன் பேராசிரியருக்கும் நிறுவனத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஒரே நேரத்தில் அனுப்பு. பேராசிரியரிடம் இசைவு கேட்டுக்கொண்டு நிற்காதே. நாளைக்கு என்று தள்ளாதே. இதைப் படித்து முடித்த இடத்திலேயே உட்கார்ந்து எழுது, இன்றே அனுப்பு, அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிடு.

உன்னைப் பெற்றவள்,
யா. மிக்கேலம்மாள்,
செயலாளர், கடல்பாசிப் பெண்கள் சங்கம்.