நீ ஏன் சத்தம் போட்டுப் படித்தாய், ரங்கா?

அடி ரங்கா, என் தங்கமே,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. உன்மேல் எனக்குக் கோபமா, நன்றியா என்று கேட்டால் சத்தியமாகத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தே வருகிறது, கடைசியில் அழுகையில் போய் நிற்கிறது. நான் சொல்லச் சொல்ல என் மகள் ஸ்டெல்லா இதை எழுதுகிறாள். ஏன் நானே எழுதவில்லை என்பது உனக்குத் தெரியும். தெரியும்தானே? அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

மன்னார்புரம் லாரி பார்சல் ஆபீசில் நமக்கு எதிரெதிர் மேஜை. வெள்ளம் வந்ததற்கு அடுத்த வருஷம் சேர்ந்தோம். நீ பரீட்சை எழுதி வந்தாய். நான் வந்தது, அங்கே டிரைவராக இருந்த என் வீட்டுக்காரர் விபத்தில் போனதால். எந்தப் பார்சல் எந்த லாரியில் ஏறவேண்டும் என்று சீட்டைப் பார்த்து லோடுமேன்களுக்குச் சொல்வது என் வேலை. அதில்தான் என் வீட்டில் உலை கொதித்தது.

எனக்கு எழுத்து தெரியும், ரங்கா. ஒவ்வொன்றாகக் காட்டினால் சொல்லிவிடுவேன். சேர்ந்து நின்றால்தான் குழம்பிப் போகும். பள்ளிக்கூடத்தில் மக்கு என்றார்கள். நானும் அதை நம்பி, மறைப்பதில் மட்டும் கெட்டிக்காரி ஆனேன். ஒருத்தருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

நீ ஒவ்வொரு சீட்டையும் என்னிடம் தருவதற்கு முன் பெரிய குரலில் படிப்பாய். "துறையூர் ரெண்டு மூட்டை, லால்குடி ஒரு பொட்டி, முசிறி மூணு..." காதில் விழுந்தது எனக்கு மறக்காது. சீட்டைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டே லோடுமேன்களை விரட்டுவேன். இத்தனை வருஷத்தில் ஒரு மூட்டை மாறிப் போனதில்லை.

ஆபீசே உன்னைக் கிண்டல் செய்தது. 'பாராயண மாமி' என்று பேர் வைத்தது யார்? பாவி, நான்தான்! "ஏண்டி, மனசுக்குள்ள படிச்சா உன் சொத்தா கரைஞ்சு போயிடும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். நீ சிரித்தாய். "என்னடி பண்றது பிலோ, வாய் விட்டுப் படிச்சாத்தான் நேக்கு மண்டையில ஏறறது."

அதைப் பழைய மேனேஜரும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வருஷ ரிப்போர்ட்டில் உன்னைப் பற்றி 'கிரகிக்கும் சக்தி மந்தம்' என்று எழுதிவிட்டார். உனக்கு வரவேண்டிய ஹெட் கிளார்க் வேலை வேறொருவருக்குப் போனது. மறுநாளும் நீ அதே குரலில் துறையூர், லால்குடி என்று படித்தாய். அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

உறைத்தது நீ போன பிறகுதான். துக்கம் விசாரிக்க ஸ்ரீரங்கம் வந்தேன். "மாமி, அவ வாய் விட்டுப் படிக்கிற சத்தம் இல்லாம ஆபீசே வெறிச்சுன்னு இருக்கு" என்றேன். உன் மாமியார் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"யாரு, எங்காத்து ரங்காவா? அவ படிக்கறச்சே பக்கத்துல இருக்கறவாளுக்கு மூச்சுகூடக் கேக்காதேடியம்மா!"

எப்படி பஸ் ஏறினேன், எங்கே இறங்கினேன், ஒன்றும் நினைவில்லை. உனக்கு எப்போது தெரிந்தது? முதல் நாளேவா? தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? கேட்டிருந்தால் உன்னோடு சண்டை போட்டுப் பேசாமலே இருந்திருப்பேன், அதுவும் சரிதான். ஒருவேளை நான்தான் இல்லாததை நினைத்துக்கொள்கிறேனா? வீட்டில் ஒரு மாதிரி, ஆபீசில் ஒரு மாதிரி படிக்கிறவர்கள் இருக்கமாட்டார்களா? மாற்றி மாற்றி யோசித்து மண்டை காய்கிறது.

நீ போனபின் யாரையாவது படிக்க வைத்தே சமாளித்து வந்தேன். போன வாரம் துறையூர் மருந்துப் பெட்டியை உறையூருக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் இன்னொன்று மாறியது. புது மேனேஜர் கூப்பிட்டார். என் வேலைக்குச் சீட்டுக் கிழிந்தது என்றே நினைத்தேன். அவர் ஒரு சரக்குப் பட்டியலைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மூன்றாவது வரியில் எழுத்தெல்லாம் குழம்பி நின்றுவிட்டேன். அதை வாங்கி அவரே ஒருமுறை படித்துவிட்டு, திருப்பிச் சொல்லச் சொன்னார். கடகடவென்று ஒரு ஊர் விடாமல் ஒப்பித்தேன். மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்க அக்கா பையனுக்கும் இப்படித்தாம்மா. மெட்ராஸ் டாக்டர் டிஸ்லெக்ஸியான்னு ஒரு பேர் சொன்னார். மூளையில ஒரு குறையும் இல்லையாம், எழுத்துதான் பிடிபடாதாம். உங்களுக்கு என்ன உதவி வேணும்னு யோசிச்சு திங்கக்கிழமை சொல்லுங்க. ஹெட் ஆபீசுக்கு எழுதறேன். ஒத்துக்குவாங்களான்னு எனக்கே தெரியலை."

மக்கு இல்லை என்கிறார்! சந்தோஷப்படுவதா, இங்கிலீஷில் பேர் வந்துவிட்டதே, வேலையை எடுத்துவிடுவார்களோ என்று பயப்படுவதா? என்ன வேண்டும் என்று இதுவரை என்னை யாரும் கேட்டதில்லை, ரங்கா. நீயும் கேட்கவில்லை, கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். கேட்டு வாங்கிப் பழகாதவள் என்னவென்று சொல்வேன்?

ஸ்டெல்லா எழுதுவதை நிறுத்திவிட்டாள். "ஏம்மா, என் மார்க் ஷீட்டெல்லாம் நீ படிச்சதே இல்லையா?" என்கிறாள். இல்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடி எழுதுகிறாள்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். திங்கட்கிழமை மேனேஜர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகச் சொல்லமாட்டேன். ஹாலில், கிளார்க்குகள், லோடுமேன்கள் எல்லோரும் இருக்கும்போது நின்று சொல்வேன். வேலை நிற்குமோ போகுமோ, மாதாதான் காப்பாற்ற வேண்டும். ஆனால் இத்தனை வருஷமாகப் படிக்கத் தடுமாறியது ரங்கா இல்லை, இந்தப் பிலோமினா என்று அத்தனை பேரும் கேட்கட்டும்.

உன்னைவிட மூன்று மாதம் மூத்த,
உன் கூடப்பிறக்காத அக்கா,
பிலோ