சொக்கலிங்கத்தின் ஃபுல் ஃப்ரேம்

ஆவணி, ஞாயிறு இரவு.

பக்கத்து வீட்டுச் சொக்கலிங்கம் தன் புது ஃபுல் ஃப்ரேம் கேமராவைக் காட்ட இன்று என்னை மானகிரிக்கு இழுத்துப் போனான். அங்கே ஒரு செட்டியார் வீட்டு முகப்பு அதில் அடங்கவில்லை. எப்படி அடங்கும்? பழைய சின்னக் கேமராவின் லென்ஸை மாட்டியிருக்கிறான், மடையன். அதைப் போட்டால் படத்தின் ஓரமெல்லாம் வெட்டுப்படும். அது தெரியாமல் பின்னாலேயே நகர்ந்து கருவேல முள்ளுக்குள் போய் நின்றான். நான் வாயைத் திறக்கவில்லை. நன்றாகக் குத்தட்டும்.

"நீங்க எப்பண்ணே வாங்கப் போறீக?" என்று வேறு கேட்டான்.

எதை வாங்கலாம் என்று இரண்டு வருடமாக விமர்சன வீடியோ பார்க்கிறேன். இவனைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவனா நான்?

முள்ளுக்குள் நின்று எடுத்த படத்தைச் சற்றுமுன் அனுப்பியிருக்கிறான். குறை தேடித் தேடிப் பார்த்தேன். முகப்பு முழுசாக விழுந்திருக்கிறது. அழகாகவும் இருக்கிறது, சனியன். நான் எடுத்த படம் என்று இன்றைக்கு ஒன்றுகூட இல்லை.