தாடி வைத்த பழம்

என்னங்க,

என் வேலைக்காக இந்தத் தீவுக்கு வந்ததிலிருந்து, பாப்பா உங்களை மறந்துவிடுவாளோ என்றுதான் எனக்குப் பயம். போனில் உங்கள் முகத்தைக் காட்டினால் திரும்பிக்கொள்கிறாள்.

சந்தையில் பாதிக் காய்களுக்கு எனக்குப் பெயர் தெரியாது. பாகற்காய் என்று வாங்கினேன், பழமாக இனித்தது. சிரிக்காதீர்கள்.

முந்தாநாள் பழக்காரம்மா, "புள்ள ஆசையா பாக்குது, எடுத்துக்கட்டும்" என்று உடம்பெல்லாம் முடி முளைத்த சிவப்புப் பழம் ஒன்றைத் தந்தார். பாப்பா அதைக் கன்னத்தில் தேய்த்தாள்.

"அப்பா கூசுது" என்றாள்.

உரிக்கவே விடவில்லை. "அப்பாவ வெட்டாத" என்று அழுகை. கட்டிக்கொண்டு தூங்குகிறாள். பழம் வாட ஆரம்பித்துவிட்டது.

நீங்கள் இங்கு வரக் கேட்ட மாற்றல் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. வருகிற அன்று மட்டும் சவரம் செய்துகொண்டு வராதீர்கள்.

பாப்பாவின் அம்மா,
உங்களுடையவளும்தான்